மலைக்குப் போகும் முன் அந்த மரத்தை இறக்கு

தம்பி, இந்தக் கடிதத்தை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் படிக்காதே. வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து படி. நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே டயரில் காற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் குரலை உயர்த்தினால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிடுகிறாய். அந்த இரைச்சலில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்பதில்லை. கடிதத்தின் மேல் எஞ்சினைக் கிளப்ப முடியாதல்லவா? அதனால்தான் கல்லலில் இருக்கிற அப்பன், கூப்பிடு தூரம் மாதிரி இருக்கிற காரைக்குடியில் செக்காலைத் தெரு லாரிக் கொட்டகையில் கிடக்கிற மகனுக்குத் தபால் எழுதுகிறேன். ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வருகிற வியாழக்கிழமை நீ அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு குமுளி மலைக்குப் போகிறாயாம். இதைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை, மண்டிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துக்கு அரிசி, திரும்பும்போது ஏலமும் மிளகும், நல்ல வாடகை என்று அவர் பெருமையாகச் சொன்னார். நல்ல வாடகைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மலைப்பாதை எப்படி இருக்கும் என்று நீ யாரிடமாவது கேட்டாயா? நான் ஒரு தடவை மாட்டுத் தரகரோடு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. இருக்கிற மேனிக்கு அந்த வண்டியைக் கொண்டுபோனால் நீ இறங்கி வரமாட்டாய். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். நீ வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை, அந்தச் சண்டையில் நான் எப்போதோ தோற்றுவிட்டேன். வண்டியின் மேல் இருக்கிற மரத்தை இறக்கிவிட்டுப் போ என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ லாரி வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் சாப்பாட்டை விட்டு எழுந்தது உனக்கு நினைவிருக்கும். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுக் காரை ஒரு வருஷம்கூட ஓட்டியிருக்கவில்லை நீ. அதுவும் என்ன ஓட்டம்? அந்த வீட்டு ஆச்சியைக் கோயிலுக்குக் கொண்டுபோவது, பெரியவர் அப்பச்சியை ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவது, மற்ற நேரமெல்லாம் காரைத் துடைத்து அதில் முகம் பார்ப்பது. அதை வைத்துக்கொண்டு, "அப்பா, இனிமே நான் ஒருத்தருக்கும் டிரைவர் இல்ல. என் வண்டி, நானே ஓட்டுவேன், நானே மொதலாளி" என்று சொன்னாய். உன் ஆத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், சந்தோஷத்தில். நான் கத்தினேன். மேட்டுக்கொல்லை நிலத்தை விற்பதா என்று கத்தினேன். கடைசியில் விற்கக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். மதுரையிலிருந்து நீ வண்டியைக் கொண்டுவந்த நாளை மறக்க முடியாது. எஞ்சினும் இரும்புச் சட்டமும் நாலு சக்கரமும்தான். மேலே கூரை கிடையாது, உட்கார ஆசனம் கிடையாது. ஒரு சாதிக்காய்ப் பலகைப் பெட்டியைச் சட்டத்தில் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து, தலைமுடியெல்லாம் செம்மண்ணாக வந்து சேர்ந்தாய். வரும்போதே இளித்துக்கொண்டு வந்தாய். வயிறு எரிந்தது எனக்கு. ஆனாலும் உன் சிரிப்பைப் பார்த்தபோது, சரி, இவன் பிழைத்துக்கொள்வான் என்றும் தோன்றியது.

மேலே கூடு கட்டுவதுதான் மிச்சம். மதுரையில் லாரிக்கென்றே கூடு கட்டுகிற பட்டறை இருக்கிறது, லேசான பலகையில் கட்டித் தருவார்கள் என்று நீயே சொன்னாய். அப்படிச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. அதற்குள் உன் மாமன் வந்துவிட்டார். உன் ஆத்தாவின் கூடப் பிறந்தவரைப் பற்றி நான் குறையாகச் சொல்ல வரவில்லை. பெரிய வீடுகள் கட்டுகிற இடங்களில் மேஸ்திரியாக இருந்து, பர்மாத் தேக்கைத் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்கிற மனுஷர். தூண், கதவு, நிலை, உத்தரம், இவைதான் அவருக்குத் தெரிந்த உலகம். வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "காது குத்துக்கு நான்தான் மடியில வச்சேன். கல்யாணத்துக்கு என் மகளத்தான் தரப் போறேன். மருமகன் மொத மொதலா ஒரு வண்டி வாங்கியிருக்கான், அதுக்குத் தாய்மாமன் சீரு வேணாமா? இந்தக் கூடு என்னோட சீரு மச்சான்" என்றார். நான், கொஞ்சம் லேசா இருந்தா நல்லதுன்னு தம்பி சொன்னான் என்று இழுத்தேன். "லேசா? கள்ளிப்பலகைய அடிச்சு அனுப்புனா ஊருல என்னைய என்னன்னு சொல்லுவாக? நீங்க பேசாம இருங்க" என்றார். பேசாமல் இருந்துவிட்டேன். நீயும் பேசாமல் இருந்தாய். வண்டிக்காரன் நீ. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

ஆசாரிகள் வந்து நம் வாசலில் கட்டினார்களே, அது லாரிக்கூடா? முற்றம் வைக்காததுதான் பாக்கி. கைப்பிடி அகலக் கனத்தில் இரண்டு பக்கமும் தேக்குப் பலகை, அதற்கு இரும்புப் பட்டை, மூலைக்கு மூலை கடைந்தெடுத்த தூண், தூணின் தலையில் பித்தளைக் குமிழ். போதாததற்கு நீ உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே, நிலைவாசலுக்கு வைப்பது போலச் செதுக்கிய மேற்பலகை. நடுவில் லட்சுமி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றுகிற யானைகள். யானையைக்கூட இளைத்த யானையாகச் செய்யவில்லை, நல்ல கொழுத்த யானை. பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோமே, அன்று கோயிலுக்கு வந்த கூட்டமெல்லாம் பிள்ளையாரை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நின்றது. "யாரு வீடு இங்குட்டு நடந்து வந்துருக்கு" என்று ஒரு கிழவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தவர் யாரும் மரம் அதிகம் என்று சொல்லத் துணிய மாட்டார்கள், அது எனக்குப் புரிகிறது. பர்மாவுக்குப் போகாமலே பர்மாத் தேக்கோடு வாழ்ந்த மனுஷர், தன்னிடம் இருந்ததில் நல்லதை எடுத்து மருமகன் தலைக்கு மேல் வைத்தார். அன்பில் குறையே இல்லை. கனம் மட்டும்தான் அதிகம்.

அந்த அழகு ஏறியதிலிருந்து வண்டி உனக்கு வண்டியாகவா இருந்தது? பிள்ளையார் சதுர்த்திக்கு உறவு முழுவதும் ஏறிக்கொண்டது. என் தங்கையும் அவள் புருஷன் வீட்டாரும், அவர்களுடைய கட்டுச்சோற்றுப் பானையும், ஒரு ஆட்டுக்குட்டியும். பிள்ளையார்பட்டிக்கு ஆட்டுக்குட்டி எதற்கு என்று நான் கேட்டதற்கு, அதைத் தனியாக விட்டால் கத்தும் என்றாள். திருவிழா முடிகிறவரை வண்டி கோயில் வாசலில் நின்றது. அங்குட்டு ஒரு நடை, இங்குட்டு ஒரு நடை என்று ஆளாளுக்கு அலைக்கழித்தார்கள். நீ ஓட்டினாய். மண்டியில் ஏற்ற வேண்டிய சரக்கை வேறொருவன் ஏற்றிக்கொண்டு போனான். கேட்டால், "அத்தை கேக்கும்போது எப்படிப்பா மாட்டேன்னு சொல்றது" என்கிறாய். மண்டிக்காரர் இன்னும் நாலு மூட்டை போடட்டுமா என்றால் சரி என்கிறாய். இந்தக் கூட்டோடு வண்டி பாதிச் சரக்குக்கே முக்குகிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டுகிறாய். கிளீனர் பையன் கூலி கூட்டிக் கேட்டாலும் சரி. சரி, சரி, சரி. உன் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை, என்னிடம் சொல்வதைத் தவிர. அப்பனிடம் மட்டும் எல்லாவற்றுக்கும் முடியாது.

புரட்டாசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். நீ ஊரில் எல்லோரிடமும் கன்றுக்குட்டி குறுக்கே ஓடியது என்று சொன்னாய். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறந்துவிட்டாயோ என்னவோ. கூரை போட ஓடு ஏற்றிக்கொண்டு வந்தோம். கண்மாய்க்கரை மேல் ஏறும்போதே எஞ்சின் இருமிக்கொண்டு வந்தது. இறக்கத்தில் நீ பிரேக்கை மிதித்தாய், வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு கை பிரேக்கையும் இழுத்தாய். பின்னால் இருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வண்டி போய்க்கொண்டே இருந்தது. கன்றுக்குட்டியும் இல்லை, காக்காயும் இல்லை. நீ வண்டியைத் திருப்பிக் கருவேலங்காட்டுக்குள் விட்டாய், முள் கிழித்துக்கொண்டு சேற்றில் போய் நின்றது. நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்லவில்லை. இடது பக்கம் திருப்பியிருந்தால் கண்மாய்த் தண்ணீர். வண்டி நின்ற பிறகும் உன் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது, அந்தக் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து நீ வேட்டியை இழுத்து மூடிக்கொண்டாய். அப்போது உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. பிடித்துக்கொள்ளாமல், ஓடு எத்தனை உடைந்தது என்று பார்க்க இறங்கிப் போய்விட்டேன்.

வண்டியை மாடு கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது நீயாகத்தான் சொன்னாய், "மரம் கூடிப்போச்சுப்பா" என்று. நானாகக் கேட்கவில்லை. அப்பாடா, புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். கழற்றிவிடேன் என்றேன். "மாமா மனசு நோகும்" என்றாய். பிறகு உன் மாமனும் வந்து பார்த்தார். முள் கிழித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "பாத்தீகளா மச்சான், வேற பலகையா இருந்தா இந்நேரம் பிஞ்சு போயிருக்கும். தேக்கு, நின்னுச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த ஓடு ஒன்றை எடுத்துக் கீழே போட்டு உடைத்தேன். அவர் அது கை தவறி விழுந்தது என்று நினைத்துக்கொண்டார். நீ என்ன செய்தாய்? "ஆமா மாமா, நல்ல மரம்" என்றாய். தம்பி, அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் சரியில்லை.

காரோட்டியாக இருந்தபோது உனக்கு ஒரு வேலைதான். போ என்றால் போவது, நில் என்றால் நிற்பது. வழி சரியில்லை, சுமை அதிகம் என்று சொல்ல வேண்டியது கார் வைத்திருப்பவர் கவலை. இப்போது வண்டி உன்னுடையது. ஓட்டத் தெரிந்துகொண்டாய், மூன்று மாதத்தில் நன்றாகவே ஓட்டுகிறாய், கியர் மாற்றும்போது முன்பு போல வண்டி அலறுவதில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வைத்திருக்கத்தான் இன்னும் தெரியவில்லை. மாமன் ஒரு பக்கம் முதலாளி, அத்தை ஒரு பக்கம் முதலாளி, மண்டிக்காரர் இன்னொரு பக்கம் முதலாளி. நீ இன்னும் டிரைவராகத்தான் இருக்கிறாய், சம்பளம் இல்லாத டிரைவர். பள்ளத்தில் விழுந்தால் மட்டும் வண்டி உன்னுடையது. நிலத்தை விற்று நான் உன்னை முதலாளியாக்கினேன் என்று நினைத்தேனே, அந்த எரிச்சல் எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது.

போன வெள்ளிக்கிழமை வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டு நீ ரயிலில் சிவகங்கைக்குப் போனாய், லைசென்ஸ் விஷயமாக. அன்று நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் ரம்பம் வாங்கிக்கொண்டு வந்து வண்டி மேல் ஏறினேன். இந்த வயதில் சக்கரத்தில் கால் வைத்து ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. யானையின் காதுக்குப் பக்கத்தில் ரம்பத்தை வைத்தேன். இழுத்திருப்பேன். கீழே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. உன் மாமன் மகள் அழகம்மை, உன் ஆத்தாவிடம் ஏதோ கொடுக்க வந்தவள், தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். தை மாதம் மருமகளாக வரப் போகிறவள் முன்னால் ரம்பமும் கையுமாக நான் நின்ற கோலம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள். உங்க அப்பா கொடுத்த சீரை அறுக்கப் போறேன் ஆத்தா, என்னைத் திட்டணும்னா திட்டிக்க என்றேன். அவள் திட்டவில்லை. கண்மாய்க்கரையில் நடந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. கன்றுக்குட்டி கதையை அவள் நம்பவில்லை.

"அறுக்காதீக மாமா, ரம்பத்தைக் கீழ வைங்க" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. இவளும் அப்பன் பக்கம்தானா என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னாள். "நீங்க அறுத்தா எங்கப்பா உங்ககூடச் சண்டை போடுவாக. அப்பவும் வண்டிக்காரவுக வாயத் தொறக்க மாட்டாக. அவுகளே கழட்டட்டும். எங்கப்பா அவுககூடச் சண்டை போடட்டும், பேசாம இருக்கட்டும், தை மாசம் கல்யாணத்த ஆடிக்குத் தள்ளட்டும், நான் இருந்துக்கிறேன். சண்டை போடணும்னா ஆளு உசிரோட இருக்கணும்ல மாமா? இப்படியே மலைக்குப் போயிட்டாகன்னா எங்கப்பா யாருகூடச் சண்டை போடுவாக?" என்றாள். ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, நான் சொன்னதா அவுககிட்டச் சொல்லிராதீக என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லாதே என்றாள், நான் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள் போதும்.

நான் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் சொன்னது சரிதான். நான் அறுத்திருந்தால், உன் வண்டியில் தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்த இன்னொரு ஆளாகத்தான் நானும் இருந்திருப்பேன். புதன்கிழமை காலையில் இரண்டு ஆசாரிகள் உன் கொட்டகைக்கு வருவார்கள். நான்தான் வரச் சொன்னேன். ஆனால் என்ன வேலை என்று சொல்லவில்லை. வண்டிக்காரர் சொல்லுவார், கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ ஒன்றும் சொல்லாமல் அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. வியாழக்கிழமை நீ மலைக்குப் போவாய், உன் ஆத்தா விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் செய்தி ஏதும் வருமா என்று ரயில் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பேன். கழற்றச் சொன்னால் தூண், பக்கப்பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மூட்டை சரியாமல் இருக்க லேசான பலகை மட்டும் அடிக்கச் சொல். பிரேக்கையும் பார். மண்டிக்காரர் மூட்டை ஏற்றும்போது பக்கத்தில் நில், போதும் என்கிற இடத்தில் போதும் என்று சொல்.

அந்த யானைப் பலகையை மட்டும் கொட்டகையில் போட்டு வைக்காதே. சாக்கில் சுற்றி, வெறும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, புதன்கிழமை சாயங்காலமே உன் மாமன் வீட்டு வாசலுக்குப் போ. சீரைத் திருப்பிக் கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்று உன் ஆத்தா அழுவாள், திருப்பிக் கொடுக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் இருக்கப் போகிற அறைக்கு நிலை வைக்க வேண்டும், அதன் மேல் இந்தப் பலகையை மாமாவே வந்து வைத்துத் தர வேண்டும் என்று கேள். முதலில் கத்துவார். வாசலிலேயே நிற்க வைத்துக் கத்துவார், தெருவே கேட்கும். நின்று கேட்டுக்கொள். வண்டியைக் கிளப்பிவிடாதே. யார் சொல்லி இதைச் செய்தாய் என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அப்பா சொன்னார் என்று சொல்லாதே. அழகம்மை சொன்னாள் என்றும் சொல்லாதே. என் வண்டி மாமா, நான்தான் இறக்கினேன் என்று சொல்.